சாணும் முழமும்: மதிப்பை மிஞ்சிய வீட்டுக் கடன்

2025 மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரிலிருந்து என் நண்பரின் தம்பி தொலைபேசியில் அழைத்தார். வேலை போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. எச்-1பி விசாவில் இருப்பவர் என்பதால் 60 நாளுக்குள் வேறு வேலையில் சேர்ந்தாக வேண்டும் என்ற நெருக்கடி ஒரு பக்கம்; சியாட்டிலில் ஒரு வேலை ஏறக்குறைய உறுதியாகியிருந்தது, ஆனால் சம்பளம் முன்பைவிடக் குறைவு. இவை எல்லாவற்றையும்விட அவரை அரித்துக்கொண்டிருந்தது வீடுதான். 2022 ஏப்ரலில், விலைகள் உச்சத்தை நெருங்கியிருந்த நேரத்தில், 5 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு, ஐந்து சதவீத முன்பணத்தில் வாங்கிய வீடு அது. மூன்று ஆண்டு தவணை கட்டிய பிறகும் கடன் நிலுவை 5 லட்சத்து 9 ஆயிரம் டாலராக இருந்தது. அதே தெருவில் அதே அளவுள்ள வீடு ஒன்று முந்தைய மாதம் 4 லட்சத்து 65 ஆயிரத்துக்குக் கைமாறியிருந்தது. "தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு அண்ணா, இனி சாண் என்ன, முழம் என்ன" என்றார்.

கடன் வீட்டின் மதிப்பைத் தாண்டிவிட்ட நிலையை அமெரிக்காவில் ‘அண்டர்வாட்டர்’, அதாவது நீரில் மூழ்கியது, என்றே சொல்கிறார்கள். அதனால் அந்தப் பழமொழி நம்மவர் வாயில் தானாகவே வந்துவிடுகிறது. 2010ல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் புறநகரில் உட்கார்ந்து நானும் என் மனைவியிடம் அதையேதான் சொன்னேன். ஆனால் வீட்டுக் கடன் விஷயத்தில் அது முற்றிலும் தவறான பழமொழி என்பதைப் பிறகு அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம், எந்த மாநிலத்தில் இருக்கிறோம், கடன் ஒன்றா இரண்டா, அந்தக் கடனின் உண்மையான உரிமையாளர் யார் என்பவற்றைப் பொறுத்துச் சாணுக்கு ஒரு வழியும் முழத்துக்கு வேறு வழியும் இருக்கின்றன. அளந்து பார்க்காமல் கையை விரித்துவிடுகிறவர்கள்தாம் கூடுதலாக இழக்கிறார்கள்.

நாங்கள் வீடு வாங்கியது 2006ல், 3 லட்சத்து 10 ஆயிரம் டாலருக்கு. அக்காலத்தில் முன்பணமே இல்லாமல் இரண்டு கடன்களாகப் பிரித்துத் தருவது வழக்கமாக இருந்தது. எண்பது சதவீதத்துக்கு ஒரு கடன், மீதி இருபது சதவீதத்துக்கு, கூடுதல் வட்டியில், இரண்டாவது கடன். நாங்கள் வாங்கிய அந்தக் கோடைதான் ஃபீனிக்ஸ் விலைகளின் உச்சம் என்பது பிறகுதான் தெரிந்தது. 2011க்குள் அந்த நகரத்தில் வீட்டு விலைகள் உச்சத்திலிருந்து பாதிக்கும் மேல் சரிந்தன. நாடு முழுவதும், 2009 இறுதியில், ஏறத்தாழ 1 கோடியே 13 லட்சம் வீடுகள், அதாவது கடனில் இருந்த வீடுகளில் நான்கில் ஒன்று, இந்த நிலையில் இருந்தன. நெவாடாவில் பத்துக்கு ஏழு, அரிசோனாவில் பாதி. எங்கள் தெருவில் மட்டும் ஒரே நேரத்தில் ஐந்து வீடுகளின் முன் புல் காய்ந்து கிடந்தது. அந்த ஐந்தில் ஒன்றில் நம்மவர் குடும்பம் ஒன்று இருந்தது. சாவியை உறையில் போட்டு வங்கிக்கு அனுப்பிவிட்டு, கோயிலில் பார்ப்பவர்களிடம்கூடச் சொல்லாமல் ஊர் திரும்பிவிட்டார்கள்.

அந்த மௌனத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வேலை போனால் நான்கு பேரிடம் சொல்லி வேறு வேலை தேடுகிறோம். வீட்டுக் கடன் கையை மீறினால் மட்டும் ஏதோ குடும்ப மானமே போய்விட்டதைப் போல மூடி வைக்கிறோம். அடமானக் கடன் என்பது ஒரு ஒப்பந்தம். பணம் திரும்பாவிட்டால் எடுத்துக்கொள்ள வீட்டைப் பிணையாக வைத்துக்கொண்டுதான், அந்த ஆபத்துக்கும் சேர்த்துத்தான், வங்கி வட்டி வாங்குகிறது. சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் மதிக்கத்தக்கது, எனக்கும் அது உண்டு. ஆனால் வெட்கத்தினால் எடுத்த எந்த முடிவும் எங்கள் வட்டத்தில் நல்லபடியாக முடிந்து நான் பார்க்கவில்லை.

ஆஸ்டின் தம்பியிடம் நான் முதலில் கேட்டது வீட்டின் விலையைப் பற்றி அல்ல. தவணையைக் கட்ட முடியுமா, அந்த வீட்டை விட்டுப் போயே ஆக வேண்டுமா என்ற இரண்டு கேள்விகளைத்தான் கேட்டேன். கட்ட முடியும், போக வேண்டியதில்லை என்றால், விலை இறங்கியது மனத்தை வருத்தும் செய்தியே தவிர, அன்றைக்கு எதையும் செய்யச் சொல்லும் நெருக்கடி அல்ல. வீட்டின் மதிப்பு இறங்கிவிட்டது என்பதற்காக மட்டும், தவணையை ஒழுங்காகக் கட்டுகிறவரின் சாதாரண வீட்டுக் கடனை வங்கி திருப்பிக் கேட்பதில்லை. இப்படி இருப்பவர்களுக்குக் காத்திருப்பதும், முடிந்தால் வட்டியைக் குறைத்துக்கொள்வதும் போதும்.

வட்டியைக் குறைப்பதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. மதிப்பைவிடக் கூடுதலான கடனைச் சாதாரணமாக எந்த வங்கியும் ரீஃபைனான்ஸ் செய்யாது, அதாவது பழைய கடனை அடைத்துப் புதிய கடனாக மாற்றித் தராது. அதற்காகத்தான் 2009ல் ‘ஹார்ப்’ என்ற திட்டம் வந்தது. வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே அல்லது ஃப்ரெடி மேக் நிறுவனங்களின் கையில் 2009 மே இறுதிக்குள் போய்ச் சேர்ந்திருந்த கடன்களுக்கு மட்டும் அது பொருந்தும். தொடக்கத்தில் மதிப்பில் 105 சதவீதம் வரை, சில மாதங்களில் 125 சதவீதம் வரை என்று வரம்பு வைத்திருந்தார்கள். 2010ல் நாங்கள் விண்ணப்பித்தபோது எங்கள் கடன் மதிப்பில் ஏறக்குறைய 157 சதவீதம், உடனே நிராகரித்துவிட்டார்கள். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி, 2003லேயே வாங்கிப் பின்னர் கொஞ்சம் மட்டும் மூழ்கியிருந்த ஒருவருக்கு அதே மாதம் கிடைத்தது. சாணும் முழமும் வேறு என்று அன்றுதான் உறைத்தது. 2011 இறுதியில் அந்த மேல்வரம்பை எடுத்துவிட்டார்கள் என்று படித்ததும் மறுபடி விண்ணப்பித்தோம். இம்முறை தடை வேறு இடத்திலிருந்து வந்தது. புதிய முதல் கடனுக்குப் பின்னால் வரிசையில் நிற்கச் சம்மதம் என்று இரண்டாவது கடன் கொடுத்த நிறுவனம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு பக்கக் காகிதத்துக்காக ஏழு வாரம் அலைந்தோம். யார் எந்த நாளில் என்ன சொன்னார்கள் என்று என் மனைவி ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்ததால்தான், "உங்கள் விண்ணப்பமே வரவில்லை" என்று மூன்றாவது முறை சொன்னபோது, தேதியும் பெயரும் சொல்லி மடக்க முடிந்தது. வட்டி 6.5லிருந்து 4 சதவீதத்துக்கு இறங்கியது. முதல் கடனின் மாதத் தவணை 1,567 டாலரிலிருந்து 1,090 டாலருக்கு வந்தது.

ஹார்ப் 2018 இறுதியோடு முடிந்துவிட்டது. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கடன்கள் அதன் வழியாக மாற்றப்பட்டன. இன்று அதைப் போன்ற பொதுத் திட்டம் இல்லை என்றாலும், எஃப்.எச்.ஏ என்ற மத்திய அரசு வீட்டுவசதி அமைப்பின் காப்பீடுள்ள கடன்களுக்கு ‘ஸ்ட்ரீம்லைன்’ ரீஃபைனான்ஸ் இருக்கிறது, முன்னாள் படைவீரர்களுக்கான கடன்களுக்கும் அதையொத்த வழி இருக்கிறது. இவற்றில் பொதுவாக வீட்டைப் புதிதாக மதிப்பிடத் தேவையில்லை என்பதால் மூழ்கியவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. ஆகவே தன் கடன் எந்த வகை, அதன் உரிமையாளர் யார் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மாதந்தோறும் பணம் வாங்கும் நிறுவனம் பெரும்பாலும் வெறும் வசூல்காரர், அதாவது சர்வீசர்தான். கடன் ஃபேனி மேயிடமோ ஃப்ரெடி மேக்கிடமோ இருக்கிறதா என்பதை அவற்றின் இணையதளங்களில் முகவரியைக் கொடுத்தே பார்த்துவிடலாம். சர்வீசரிடம் எழுத்து மூலம் கேட்டாலும் சொல்லியாக வேண்டும்.

வீட்டை விட்டுப் போக வேண்டாம், ஆனால் தவணை கழுத்தைப் பிடிக்கிறது என்பவர்களுக்கு லோன் மாடிஃபிகேஷன் இருக்கிறது. வட்டியைக் குறைத்தோ, காலத்தை 40 ஆண்டு வரை நீட்டித்தோ, அசலில் ஒரு பகுதியை வட்டியில்லாமல் கடைசிக்குத் தள்ளியோ தவணையைத் தாங்கக்கூடிய அளவுக்குக் கொண்டு வருவார்கள். அசலையே தள்ளுபடி செய்வது அரிது. 2012ல் மத்திய அரசும் 49 மாநிலங்களும் ஐந்து பெரிய சர்வீசர்களோடு செய்துகொண்ட 2,500 கோடி டாலர் உடன்பாட்டின் கீழ் பலருக்கு அப்படி நடந்தது, எங்களுக்கு நடக்கவில்லை. மாடிஃபிகேஷன் கேட்டு எழுதுவதற்கு 120 நாள் என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2014 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள மத்திய விதிப்படி, பொதுவாகத் தவணை தவறி 120 நாள் தாண்டாமல் ஏல நடவடிக்கையைத் தொடங்கக் கூடாது. ஏலத் தேதிக்கு 37 நாளுக்கு மேல் இருக்கும்போதே முழுமையான விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டால், அதற்கு முடிவு சொல்லாமல் ஏலத்துக்கு நகரவும் கூடாது. ‘முழுமையான’ என்ற சொல்லில்தான் பலர் சறுக்குகிறார்கள். வங்கிக் கணக்கு அறிக்கையின் வெற்றுக் கடைசிப் பக்கம் இல்லை என்றால்கூட விண்ணப்பம் முழுமையற்றதாகிவிடும். மத்திய அரசின் வீட்டுவசதித் துறையின் அங்கீகாரம் பெற்ற ஆலோசகர்கள் இதற்கெல்லாம் உதவுகிறார்கள். கடன் சிக்கலில் இருப்பவர்களிடம் அவர்கள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை. முன்கூட்டியே பணம் கேட்டு, "நாங்கள் பேசி முடித்துத் தருகிறோம்" என்று வருகிறவர்களிடம் கையெழுத்துப் போடவே கூடாது.

ஆஸ்டின் தம்பியின் நிலை இவை இரண்டும் அல்ல. அவர் போயே ஆக வேண்டும். விற்றால் தரகுக் கமிஷனும் பதிவுச் செலவும் போகக் கையில் 4 லட்சத்து 37 ஆயிரம்தான் நிற்கும். கடனை அடைக்க 72 ஆயிரம் டாலர் கையிலிருந்து போட வேண்டும். வாடகைக்கு விட்டால் மாதம் 2,400 டாலர் வரும். அசலும் வட்டியும் 3,020, அதன் மேல் டெக்சாஸின் கனமான சொத்து வரி, வீட்டுக் காப்பீடு, முன்பணம் குறைவாக இருந்தால் கடன் கொடுத்தவரின் பாதுகாப்புக்காகக் கட்ட வேண்டிய கடன் காப்பீட்டுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 4,200க்கு மேல் போகும். மாதம் 1,800 டாலர் கையைக் கடிக்கும், ஆண்டுக்கு 21,600. மூன்றரை ஆண்டில் அந்த 72 ஆயிரத்தையும் தாண்டிவிடும், அதற்குள் விலை ஏறினால்தான் உண்டு. ஏறும் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? நாங்கள் வாங்கிய விலையை எங்கள் வீடு மறுபடி தொட்டது 2020க்குப் பிறகுதான்.

அவர் கையில் ரொக்கம் 20 ஆயிரத்துக்குள். ஓய்வுக்காலச் சேமிப்பான 401-கே கணக்கில் 80 ஆயிரம் இருந்தது. அதை உடைத்து அடைத்துவிடலாமா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு மட்டும் நான் யோசிக்காமல் வேண்டாம் என்றேன். காரணம், ஃபீனிக்ஸில் எனக்கு நெருக்கமான ஒரு நண்பர். அவர் வீட்டின் மதிப்பு ஏறியிருந்த நாளில் அதன் மேல் 45 ஆயிரம் டாலர் கூடுதல் கடன் வாங்கி நீச்சல் குளம் கட்டியிருந்தார். வீட்டின் மதிப்பு கடனுக்குக் கீழே போன பிறகு, வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று 401-கே கணக்கிலிருந்து 60 ஆயிரத்தை எடுத்தார். ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்ததால் பத்து சதவீத அபராதமும் வருமான வரியும் போய், மீதியை வைத்து இரண்டு ஆண்டு கூடத் தாங்கவில்லை. வீடு ஏலத்துக்குப் போனது. 401-கே பணத்தைப் பொதுவாகக் கடன் கொடுத்தவர்கள் தொட முடியாது, மத்தியச் சட்டம் அதற்குப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. யாராலும் பறிக்க முடியாத பணத்தை அவரே எடுத்து, எப்படியும் போகவிருந்த வீட்டில் போட்டார். அதோடு முடியவில்லை. அரிசோனாவில் இரண்டரை ஏக்கருக்கு உட்பட்ட குடியிருப்பு வீடு ஏலத்தில் குறைந்த விலைக்குப் போனால், வீடு வாங்கத் தந்த கடனில் எஞ்சியதைக் கேட்டு வழக்குப் போட முடியாது. ஆனால் அந்தப் பாதுகாப்பு குளத்துக்காக வாங்கிய கடனுக்கு இல்லை. அந்த நிறுவனம் அவர் மேல் வழக்குப் போட்டது. நாங்களும் இரண்டு கடன் வாங்கியவர்கள்தாம், ஆனால் இரண்டுமே வீடு வாங்கத் தந்தவை.

மாநிலம் என்ன என்பது அதனால்தான் இவ்வளவு முக்கியம். கலிபோர்னியாவிலும் வீடு வாங்கிய கடனுக்கு இத்தகைய பாதுகாப்பு உண்டு. 2011 ஜூலையிலிருந்து அங்கே ஷார்ட் சேலுக்குப் பிறகும், அதாவது வங்கியின் சம்மதத்தோடு கடனைவிடக் குறைந்த விலைக்கு விற்ற பிறகும், எஞ்சிய தொகையைக் கேட்க முடியாது. ஃபுளோரிடாவில் கேட்கலாம். டெக்சாஸில், நீதிமன்றத்துக்கே போகாமல், மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மாவட்ட நீதிமன்ற வாசலில் ஏலம் நடந்து முடிந்துவிடும்; எஞ்சிய தொகைக்கு இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், ஆனால் வீட்டின் நியாயமான சந்தை மதிப்பைக் கழித்துக்கொள்ளக் கடன்பட்டவர் கேட்கலாம். கட்ட முடிந்தும் கட்டாமல் விலகுவதைப் பற்றி ஃபீனிக்ஸில் அன்று பலர் வெளிப்படையாகவே பேசினார்கள். எங்களைப் போன்ற வீட்டுக்கு வாடகை 1,150 டாலராக இருந்தபோது நாங்கள் இரண்டு கடனுக்கும் சேர்த்து 2,040 கட்டிக்கொண்டிருந்தோம். கணக்கு மட்டும் பேசியிருந்தால் விலகியிருக்க வேண்டும். பிள்ளைகளின் பள்ளிக்காக இருந்தோம். பண அளவில் அது சரியான முடிவு என்று இன்றும் என்னால் சொல்ல இயலவில்லை. விலகியவர்களை நான் குறைவாக நினைத்ததும் இல்லை. ஆனால் ஏலம் கடன் அறிக்கையில் ஏழு ஆண்டு நிற்கும். ஃபேனி மே வழியாக அடுத்த கடன் வாங்கவும் ஏழு ஆண்டு ஆகும். ஷார்ட் சேலிலோ, வீட்டைப் பத்திரத்தோடு வங்கியிடமே ஒப்படைத்தாலோ அது நான்கு ஆண்டு.

திவால் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கடன் முழுவதுமாக மூழ்கியிருந்தால், அதாவது வீட்டின் மதிப்பு முதல் கடனுக்கே போதாது என்றால், சில ஆண்டுகள் தவணையாகக் கட்டும் திட்டமான 13ஆம் அத்தியாயத்தின் கீழ் அந்த இரண்டாவது அடமானத்தை நீக்க வழியுண்டு. குடியிருக்கும் வீட்டின் முதல் கடனை மதிப்பளவுக்குக் குறைக்க முடியாது என்று 1993லும், சொத்தை விற்றுக் கடனைத் தீர்க்கும் 7ஆம் அத்தியாயத்தில் இரண்டாவது அடமானத்தை நீக்க முடியாது என்று 2015லும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. இதை வழக்கறிஞர் இல்லாமல் தொடவே கூடாது.

தம்பி கடைசியில் எடுத்த வழி ஷார்ட் சேல்.  வேலைக்காக 50 மைலுக்கு அப்பால் குடிபெயர்வதை ஃபேனி மே ஒரு தகுந்த நெருக்கடியாக ஏற்கிறது. அவர் கடன் ஃபேனி மேயிடம் இருந்தது. முன்பணம் குறைவு என்பதால் கடன் காப்பீட்டு நிறுவனமும் சம்மதிக்க வேண்டியிருந்தது. ஜூலையில் வந்த முதல் ஒப்புதல் கடிதத்தை அவர் எனக்கு அனுப்பினார். "விற்பனை முடிந்ததும் வீட்டின் மேல் உள்ள அடமான உரிமையை விடுவிக்கிறோம்" என்று இருந்தது. மகிழ்ச்சியாகத்தான் அனுப்பியிருந்தார். அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டாம் என்றேன். அடமானத்தை விடுவிப்பது வீட்டை விடுவிப்பது மட்டுமே. கடன்பட்ட ஆளை அது விடுவிக்காது. எஞ்சிய தொகையை வசூலிக்கும் உரிமையைக் கைவிடுகிறோம் என்ற வாசகம் தனியாக இருக்க வேண்டும். அங்கேயுள்ள ஒரு வழக்கறிஞருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துத் திருத்தம் கேட்டார். தம்பி 8 ஆயிரம் டாலர் தர வேண்டும், மீதியை முழுவதுமாகக் கைவிடுகிறோம் என்று ஆகஸ்டில் புதிய கடிதம் வந்தது.

வரி இன்னும் பாக்கி. கைவிடப்பட்ட கடனைக் குறித்து 1099-சி படிவம் வரும். தள்ளுபடியான தொகை வருமானமாகவே கருதப்படும். குடியிருந்த வீட்டுக் கடனுக்கு 2007ல் கொண்டு வந்து பலமுறை நீட்டித்த விலக்கு, 2025 டிசம்பர் 31க்குள் தள்ளுபடியானவற்றுக்கும், அந்தத் தேதிக்குள் எழுத்து மூலம் உடன்பாடானவற்றுக்கும் பொருந்தும். அவர் கடிதத்தின் தேதி அதற்குள் வந்துவிட்டது. அந்த விலக்கு பொருந்தாதவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது: தள்ளுபடிக்கு முந்தைய கணத்தில் மொத்தக் கடன் மொத்தச் சொத்தைவிட எவ்வளவு கூடுதலோ, அந்த அளவுக்கு வரி இல்லை. ஆனால் அந்தச் சொத்துக் கணக்கில் 401-கே பணத்தையும் சேர்க்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எந்த விலக்காக இருந்தாலும் 982 எண் படிவத்தை வரிக் கணக்கோடு இணைக்க வேண்டும்.

செப்டம்பர் இறுதியில் ஆஸ்டின் வீட்டின் சாவி புதிய உரிமையாளர் கைக்குப் போனது. சியாட்டிலில் இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் இருக்கிறார்கள். ஒப்புதல் கடிதத்தை இரண்டு நகல் எடுத்து, ஒன்றைத் தம் அண்ணன் வீட்டிலும் ஒன்றை வரிக் கோப்பிலும் வைத்திருப்பதாகப் போன வாரம் சொன்னார்; ஜனவரியில் 1099-சி வந்ததும் அதில் உள்ள தொகையை அந்தக் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க என்னை அழைப்பதாகவும் சொல்லியிருக்கிறார்.